செய்த கையும் சிந்தித்த தலையும்

(அனுப்பர்பாளையத்தில் பாத்திரத் தொழிலாளர்களும் பனியன் தொழிலாளர்களும் ஆசிரியர்களும் மாணவர்களும் கூடியிருந்த அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



காலனி ஆட்சிக் காலத்தில் ஆப்பிரிக்காவின் வரலாறு எப்படி எழுதப்பட்டது என்பதுதான் இன்றைய பேச்சு. அதை அனுப்பர்பாளையத்தில் பேசுவானேன் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். மூன்று காரணங்கள் உண்டு.

முதல் காரணம், ஆப்பிரிக்கா நமக்குத் தொலைவில் இல்லை. நைஜீரியாவிலிருந்து வருகிற வணிகர்கள் பல ஆண்டுகளாகத் திருப்பூரில் தங்கிச் சரக்கு எடுக்கிறார்கள். காதர்பேட்டைக் கடைகளில் அவர்களைப் பார்க்காதவர் இல்லை. நாம் தைத்த பனியன் லாகோஸ் சந்தைவரை போகிறது. ஆனால் அவர்களைப் பற்றி நம் தெருக்களில் பேசப்படும் பேச்சு பல நேரங்களில் காதில் கேட்க முடியாததாக இருக்கிறது. அந்தப் பேச்சு நாம் நேரில் கண்டு அறிந்ததிலிருந்து வந்ததல்ல. யாரோ எழுதி வைத்த புத்தகத்திலிருந்து பாடத்துக்கும், பாடத்திலிருந்து சினிமாவுக்கும், சினிமாவிலிருந்து நம் நாவுக்கும் வந்தது.

இரண்டாவது காரணம், பித்தளை. ஆப்பிரிக்க வரலாற்றைப் பற்றிய மிகப் பெரிய வழக்குகளில் ஒன்று பித்தளை வேலையைப் பற்றியது. அந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல, லண்டன் பேராசிரியர்களைவிட இந்த அவையில் உட்கார்ந்திருக்கிற உங்களுக்குத் தகுதி அதிகம்.

மூன்றாவது காரணமே தலையானது. அவர்களுடைய வரலாற்றை எழுதிய அதே ஆட்சிதான் நம் கொங்கு நாட்டின் வரலாற்றையும் எழுதியது. அங்கே என்ன செய்தார்கள் என்று பார்த்தால், இங்கே என்ன செய்தார்கள் என்பது தெளிவாகத் தெரியும்.

பெனின் நகரத்துப் பித்தளை

இன்றைய நைஜீரியாவின் தென்பகுதியில் பெனின் என்றொரு பழைய அரசு இருந்தது. எடோ மக்களின் அரசு. ஓபா என்பது மன்னரின் பட்டம். அதன் தலைநகரான பெனின் நகரத்தில் பித்தளை வார்ப்பவர்களுக்கென்று தனித் தெருவே உண்டு. இகுன் தெரு என்று பெயர். இன்றைக்கும் அங்கே வார்ப்பு வேலை நடக்கிறது.

அவர்களுடைய முறை நமக்குத் தெரிந்ததுதான். மெழுகில் உருவம் செய்வார்கள். அதன்மேல் களிமண் பூசிக் காயவைப்பார்கள். சூடு காட்டினால் மெழுகு உருகி வெளியே ஓடிவிடும். அந்த இடத்தில் உருகிய உலோகத்தை ஊற்றுவார்கள். ஆறியபின் மண்ணை உடைத்தால் உருவம் நிற்கும். நம் சுவாமிமலை ஸ்தபதிகள் தெய்வத் திருமேனிகளை வார்ப்பதும் இதே வழியில்தான். சுவாமிமலையில் பெரும்பாலும் கட்டியாக வார்ப்பார்கள். பெனினில் உள்ளே மண் கருவை வைத்து, தலைச்சிற்பங்களைக் கூடாக, மெல்லிய சுவருடன் வார்த்தார்கள். அது எவ்வளவு கடினம் என்று உலோகத்தோடு பழகியவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சூடு சற்றுக் குறைந்தாலும் உலோகம் ஓரிடத்தில் நின்றுவிடும். செய்த வேலையெல்லாம் வீண்.

இந்தக் கலைஞர்கள் மன்னரையும் படைவீரரையும் வணிகரையும், கடல் கடந்து வந்த போர்த்துகீசியரையும்கூடப் பித்தளைப் பலகைகளில் வார்த்தார்கள். அரண்மனைத் தூண்களில் அவை பதிக்கப்பட்டிருந்தன. யார் ஆண்டார், அவையில் யார் எங்கே நின்றார், என்ன அணிந்தார், யாரோடு வணிகம் செய்தார் என்பதெல்லாம் அவற்றில் இருந்தன. நம் கோயில் சுவர்க் கல்வெட்டுகள் செய்யும் வேலையை அங்கே அந்தப் பலகைகள் செய்தன.

1897 ஜனவரியில் ஜேம்ஸ் பிலிப்ஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி, இப்போது வர வேண்டாம் என்று ஓபா சொல்லி அனுப்பிய பிறகும், ஒரு குழுவுடன் பெனினுக்குப் புறப்பட்டார். வழியில் அந்தக் குழு தாக்கப்பட்டது, பெரும்பாலோர் கொல்லப்பட்டார்கள். பிப்ரவரியில் பிரிட்டிஷ் படை வந்தது. நகரம் வீழ்ந்தது, எரிந்தது. ஓபா ஒவொன்ராம்வென் கலபாருக்கு நாடு கடத்தப்பட்டு, 1914-இல் அங்கேயே இறந்தார். ஆயிரக்கணக்கான பித்தளைப் பொருள்களும் தந்த வேலைகளும் கப்பலேறின. படையெடுப்புச் செலவை ஈடுகட்ட அவற்றில் பலவற்றை விற்றார்கள்.

லண்டனில் அவற்றைப் பார்த்த அறிஞர்கள் திகைத்தார்கள். இவ்வளவு நுட்பமான வார்ப்பைக் காட்டுமிராண்டிகள் என்று தாங்கள் முடிவு கட்டிவிட்ட மக்கள் எப்படிச் செய்திருக்க முடியும்? முடிவைத் திருத்திக்கொள்வதற்குப் பதிலாக, செய்தவரை மாற்றப் பார்த்தார்கள். எகிப்திலிருந்து வந்த கலையாக இருக்கலாம் என்றார்கள். போர்த்துகீசியர் கற்றுக்கொடுத்ததாக இருக்கலாம் என்றார்கள். உலோகம் ஐரோப்பாவிலிருந்து வளையங்களாக வந்ததே என்பதும் ஒரு வாதமாகப் பயன்பட்டது. உலோகத்தில் பெரும்பகுதி அப்படி வந்தது உண்மைதான். இதற்குத் தீர்ப்பை நீங்களே சொல்லுங்கள். நீங்கள் அடிக்கிற பித்தளைத் தகடு வெளியூரிலிருந்து வருகிறது. அதனால் குடம் உங்கள் வேலை இல்லை என்று ஆகிவிடுமா?

பெனினுக்கு வடமேற்கே இஃபே என்ற ஊரில் அதைவிடப் பழைய உலோகத் தலைகள் இருந்தன. 1910-இல் அங்கே போன லியோ ஃப்ரொபேனியஸ் என்ற ஜெர்மானியர், கடலில் மூழ்கியதாகக் கிரேக்கர் கதை சொல்லும் அட்லாண்டிஸ் நாட்டின் மிச்சத்தைக் கண்டுவிட்டதாக அறிவித்தார். எதிரே உயிரோடு நிற்கிற, அந்த ஊரின் யோருபா மக்களைவிட, இல்லாத ஒரு தீவு அவருக்கு நம்பத்தக்கதாக இருந்தது. பிறகு, 1938 வாக்கில், அதே நைஜீரியாவின் இக்போ-உக்வு என்ற ஊரில் ஒருவர் தன் வீட்டு வளாகத்தில் குழி தோண்டும்போது வெண்கலப் பொருள்கள் வெளிவந்தன. அவற்றின் காலம் ஏறத்தாழ 9, 10-ஆம் நூற்றாண்டு. போர்த்துகீசியர் அந்தக் கடற்கரையில் கால் வைப்பதற்கு ஐந்நூறு ஆண்டுகள் முன்பு! கற்றுக்கொடுத்தவர் கதை அதோடு முடிந்தது.

கல்லாலான நகரம்

தெற்கே போவோம். இன்றைய ஜிம்பாப்வேயில், சாந்து இல்லாமல் கல்மேல் கல் அடுக்கிக் கட்டிய ஒரு மாபெரும் நகரத்தின் சுவர்கள் நிற்கின்றன. ஷோனா மக்களின் முன்னோர் 11 முதல் 15-ஆம் நூற்றாண்டுவரை எழுப்பி வாழ்ந்த நகரம் அது. அங்கிருந்து பொன்னும் தந்தமும் கிழக்குக் கடற்கரைக்குப் போயின. சீனப் பீங்கானும் கண்ணாடி மணிகளும் அந்தக் கடல் வழியாக உள்ளே வந்தன.

1871-இல் கார்ல் மவுக் என்ற ஜெர்மானியர் அந்த இடிபாடுகளைப் பார்த்தார். அங்கிருந்த ஒரு மரத்துண்டை முகர்ந்தார். அது தன் பென்சில் மரத்தின் மணத்தை ஒத்திருந்ததாம். ஆகவே அது லெபனான் நாட்டுத் தேவதாரு; ஆகவே இது விவிலியத்தில் வருகிற ஷீபா ராணியின் மாளிகை என்று முடிவு கட்டினார். ஒரு மர வாசனையில் ஒரு மக்கள் கூட்டத்தின் நகரம் பறிபோனது.

அடுத்து, அந்த நிலத்தைக் கைப்பற்றிய செசில் ரோட்ஸின் ஆதரவோடு 1891-இல் தியோடர் பென்ட் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் வந்தார். லெபனான் கரையின் பழங்கால வணிகரான பினீஷியரோ அரபியரோ கட்டியது என்று எழுதினார். இதில் ரோட்ஸுக்கு என்ன லாபம் என்று கேட்க வேண்டும். பழங்காலத்தில் வெளியிலிருந்து வந்த வெள்ளை இனத்தார் இங்கே ஆண்டிருந்தால், இப்போது வந்திருக்கிற வெள்ளையர் ஆக்கிரமிப்பாளர் அல்லர். தம் பழைய சொத்துக்குத் திரும்பி வந்த உரிமையாளர் ஆகிவிடுவார்கள். நிலப் பத்திரத்தை எழுதுவதற்கு முன் வரலாற்றை எழுதிக்கொண்டார்கள்.

1902-இல் பாதுகாவலராக நியமிக்கப்பட்ட ரிச்சர்ட் ஹால் செய்ததுதான் பெருங்கொடுமை. உண்மையான பழங்காலம் அடியில் இருக்கிறது, மேலே கிடப்பது ஆப்பிரிக்கர் குடியிருந்த குப்பை என்று சொல்லி, பல அடி ஆழத்துக்கு மண்ணை வாரி வெளியே கொட்டினார். அந்தக் குப்பைதான் சான்று. பானை ஓடும் அடுப்புச் சாம்பலும் வீட்டுத் தரையும் அதில்தான் இருந்தன.

இதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்: உண்மையைச் சொன்னவர்களும் வெள்ளையர்களுக்குள்ளேயே இருந்தார்கள். 1905-இல் தொல்லியலாளர் டேவிட் ராண்டால்-மக்கைவர் ஆராய்ந்து, இது ஆப்பிரிக்கர் கட்டியதே என்றார். வெள்ளைக் குடியேறிகள் கொதித்தார்கள். 1929-இல் கெர்ட்ரூட் கேட்டன்-தாம்சன் என்ற பெண்மணி, பெண்களே கொண்ட குழுவோடு வந்து அகழ்ந்து, அதே முடிவை இன்னும் உறுதியாக நிறுவினார். அதன் பிறகும் 1965-இல் தன்னிச்சையாகச் சுதந்திரம் அறிவித்துக்கொண்ட, அப்போது ரொடீசியா எனப்பட்ட அந்நாட்டின் வெள்ளையர் அரசு, வழிகாட்டி நூல்களில் அந்த உண்மையை எழுத விடவில்லை. தொல்லியல் அதிகாரி பீட்டர் கார்லேக் 1970-இல் நாட்டை விட்டே போக வேண்டியதாயிற்று. 1980-இல் விடுதலை பெற்ற நாடு அந்தக் கல் நகரத்தின் பெயரையே தனக்குச் சூட்டிக்கொண்டது; அங்கே கிடைத்த கற்பறவையைத் தன் கொடியில் வைத்தது.

இத்தனைக்கும் மேலே ஒரு தத்துவக் கூரை இருந்தது. ஜெர்மன் தத்துவஞானி ஹெகல், ஆப்பிரிக்கா உலக வரலாற்றின் பகுதியே அல்ல என்று தம் விரிவுரைகளில் சொல்லிச் சென்றார். 1963-இல்கூட ஆக்ஸ்ஃபோர்டு வரலாற்றுப் பேராசிரியர் ஹியூ ட்ரெவர்-ரோப்பர், ஆப்பிரிக்காவில் ஐரோப்பியரின் வரலாறு மட்டுமே உண்டு, மற்றது இருட்டு என்ற பொருளில் பேசினார். அப்போது டிம்பக்டு நகரத்தின் வீடுகளில் ஆயிரக்கணக்கான அரபு எழுத்துச் சுவடிகள் இருந்தன. 17-ஆம் நூற்றாண்டில் அங்கேயே எழுதப்பட்ட வரலாற்று நூல்களும் அவற்றுள் உண்டு.

நம் மலையிலும் அதே கதை

இதெல்லாம் அங்கே நடந்தது, நமக்கென்ன என்று எண்ணிவிடாதீர்கள். நம் மேற்கே தெரிகிற நீலகிரிக்கு வாருங்கள். அங்கே மலை உச்சிகளில் கல்வட்டங்களும் ஈமக் குழிகளும் உண்டு. உள்ளே மண் உருவங்களும் வெண்கலக் கிண்ணங்களும் இரும்புக் கருவிகளும் கிடைத்தன. 1847-இல் கேப்டன் காங்ரீவ் என்ற படை அதிகாரி அவற்றைப் பற்றி நீண்ட கட்டுரை எழுதினார். மத்திய ஆசியாவிலிருந்து வந்த சிதியர்களின் சின்னங்கள் இவை, தோடர்கள் அவர்கள் வழிவந்தவர்கள் என்று வாதிட்டார். ஜிம்பாப்வேக்குப் பினீஷியர், நீலகிரிக்குச் சிதியர். ஊர் வேறு, உத்தி ஒன்று. எதுவானாலும் வெளியிலிருந்து வந்தவர் செய்திருக்க வேண்டும். உள்ளூர்க் கை மட்டும் செய்திருக்கக் கூடாது.

தென்பாண்டி நாட்டு ஆதிச்சநல்லூரில் 1876-இல் ஃபெடோர் ஜாகோர் என்ற ஜெர்மானியர் தோண்டினார். தாழிகளும் இரும்பும் வெண்கலமும் பெர்லின் அருங்காட்சியகத்துக்குப் போயின. பெனின் கலைப்பொருள்களில் ஒரு பெரும்பங்கு போய்ச் சேர்ந்ததும் அதே பெர்லின் இனவியல் அருங்காட்சியகத்துக்குத்தான். தாமிரபரணிக் கரை வெண்கலமும் பெனின் பித்தளையும் ஒரே கூரையின்கீழ், தம்மைச் செய்தவர் யாரென்று சொல்ல வாயில்லாமல் இருந்தன.

இனி நம் மாவட்டத்துக்கே வருவோம். 1799-இல் திப்பு சுல்தான் வீழ்ந்ததும் கோயமுத்தூர்ச் சீமை கிழக்கிந்தியக் கும்பினியார் கைக்கு வந்தது. அடுத்த ஆண்டே கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி, பிரான்சிஸ் புக்கானன் என்ற மருத்துவரை மைசூர், கனரா, மலபார், கொங்குப் பகுதிகளைச் சுற்றிப் பார்த்து எழுத அனுப்பினார். 1807-இல் மூன்று தொகுதிகளாக அது லண்டனில் அச்சானது. எந்த மண்ணில் என்ன விளையும், நெசவாளர் என்ன நூலில் என்ன துணி நெய்வார், இரும்பு எப்படி உருக்குகிறார், வரி எவ்வளவு என்று அவர் கேட்டுக் கேட்டு எழுதினார். இன்று நமக்கு அது பெரும் புதையல். ஆனால் எதற்காகக் கேட்டார்? புதிதாகக் கைக்கு வந்த நாட்டில் என்ன எடுக்கலாம் என்று கும்பினிக்குத் தெரிய வேண்டியிருந்தது. 1887-இல் நிக்கல்சன் என்ற ஆங்கிலேய அதிகாரி எழுதிய கோயமுத்தூர் மாவட்டக் கையேடும் கலெக்டர்களின் மேசைக்காகவே எழுதப்பட்டது. நிக்கல்சன் உழவரின் கடன் துயரத்தை உணர்ந்தவர். கூட்டுறவுச் சங்கங்களுக்கு வழி காட்டியவர். அவர்மேல் எனக்கு மதிப்பு உண்டு. எழுதியவர் நல்லவராக இருந்தாலும், யார் படிப்பதற்காக எழுதப்பட்டதோ அவருடைய தேவையே அந்த வரலாற்றை வடிவமைத்தது.

காங்கேயத்துக்கு அருகே படியூரில் பச்சைக்கல் வெட்டிய சுரங்கம் பற்றி ஆங்கிலேயர் எழுதிய குறிப்புகள் உண்டு. 1819, 1820 வாக்கில் ஹீத் என்பவர் அங்கே கல் எடுத்தார் என்று பெயரோடும் கணக்கோடும் இருக்கிறது. அதற்கு முன் எத்தனையோ தலைமுறையாக அந்தக் கல்லை மண்ணுக்குள் கண்டுபிடித்து, வெட்டி, பட்டை தீட்டியவர்களில் ஒருவருக்கும் அந்தப் பக்கங்களில் பெயர் இல்லை.

கை வேண்டும், தலை வேண்டாம்

நான் இன்று சொல்ல வந்ததன் மையம் இதுதான். ஆப்பிரிக்காவில் கையையே மறுத்தார்கள். இதை நீ செய்யவில்லை என்றார்கள். நம் நாட்டில் பல நேரங்களில் கையை ஏற்றுக்கொண்டு தலையை மறுத்தார்கள். நீ செய்தாய், ஆனால் சிந்தித்தது நீ அல்ல என்றார்கள். இதற்கு ஒரு வழக்கு சொல்கிறேன்.

காலின் மெக்கன்சி என்ற படைப் பொறியாளர் தென்னிந்தியா முழுவதும் சுவடிகள், கல்வெட்டுப் படிகள், செப்பேடுகள், ஊர்க்கதைகள் ஆகியவற்றைச் சேகரித்தார். 1815-இல் இந்தியாவின் முதல் சர்வேயர் ஜெனரல் ஆனார், 1821-இல் இறந்தார். அவருக்கு இந்த நாட்டு மொழிகள் தெரியாது. தேடியவர்கள், கேட்டவர்கள், படித்தவர்கள், பிரித்தவர்கள் எல்லாம் காவலி வெங்கட போரையா, அவர் தம்பி லட்சுமையா, அவர்கள் பயிற்றுவித்த நம் நாட்டு அறிஞர்கள். கொங்கு நாட்டு அரசர்களின் வரிசையைச் சொல்லும் கொங்கு தேச ராஜாக்கள் என்ற சுவடியும் அந்தத் தொகுப்பில்தான் இருந்தது. போரையா 1803-இல் இளமையிலேயே இறந்தார். மெக்கன்சி இறந்த பிறகு, அந்தப் பணியைத் தொடர என்னை அனுமதியுங்கள் என்று லட்சுமையா விண்ணப்பித்தார். 1830-களில் கல்கத்தா ஆசியக் கழகத்தில் அதைப் பரிசீலித்தார்கள். செயலாளர் ஜேம்ஸ் பிரின்செப். அசோகர் கல்வெட்டைப் படித்த பேரறிஞர் அவர். லட்சுமையாவின் உழைப்பையும் திறமையையும் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் பொதுமைப்படுத்திப் பார்க்கும் பயிற்சி பெற்ற தலைமை இந்த வேலைக்கு வேண்டும், அது சுதேசி ஒருவருக்கு இருக்கும் என்று சொல்ல முடியாது என்று மறுத்துவிட்டார்கள். முப்பது ஆண்டு அந்தச் சுவடிகளோடு வாழ்ந்தவர் வெளியே நின்றார். தொகுப்பு வில்லியம் டெய்லர் என்ற பாதிரியாரிடம் போயிற்று.

உலகம் முழுவதும் போகிற ஆடையைத் தைத்தவருடைய பெயர் அதில் இல்லாமல், விற்கிற கம்பெனியின் லேபிள் மட்டும் இருப்பதை நாம் அன்றாடம் பார்க்கிறோம். மெக்கன்சி தொகுப்பு என்ற பெயரும் அப்படிப்பட்ட ஒரு லேபிள்தான்.

எழுதியது ஏட்டோடு நிற்கவில்லை

தவறான வரலாறு உயிரைக் குடிக்கும். ஆப்பிரிக்காவில் எங்கே நாகரிகம் தெரிந்தாலும் அது ஹாமியர் என்ற வெளிறிய நிறத்து இனம் கொண்டுவந்தது என்று பிரிட்டிஷ் மானுடவியலாளர் செலிக்மன் 1930-இல் வந்த தம் நூலில் எழுதினார். அந்தக் கருத்து அவருக்கும் முந்தியது. அதை நம்பிய பெல்ஜிய ஆட்சி, ருவாண்டாவில் ஒரே மொழி பேசி ஒரே ஊரில் வாழ்ந்த மக்களை 1930-களில் துட்சி, ஹுட்டு என்று அடையாள அட்டையில் அச்சடித்துப் பிரித்தது. 1994-இல் லட்சக்கணக்கானோர் வெட்டிக் கொல்லப்பட்டபோது, வழிமறித்தவர்கள் கேட்டது அந்த அட்டையைத்தான்.

நம் மாகாணத்தில் சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன் மூக்கையும் மண்டையையும் கருவி கொண்டு அளந்தார், 1909-இல் கே. ரங்காச்சாரியின் உதவியோடு தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி ஏழு தொகுதிகள் வெளியிட்டார். வடக்கே 1871-இல் வந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் நீண்டது. அதில் பட்டியலிட்ட சாதியில் பிறந்த குழந்தையும் குற்றவாளி. இரவில் காவல் நிலையத்தில் போய்ப் படுக்க வேண்டும். மக்கள் அதை ரேகைச் சட்டம் என்றார்கள். கைரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூர் என்ற ஊரில் 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூட்டில் 16 பேர் மாண்டார்கள். ஒரு சாதியின் இயல்பே களவு என்று யாரோ ஏட்டில் எழுதிய வரி, துப்பாக்கிக் குண்டாக வந்து சேர்ந்தது.

பிரிட்டிஷ் ஆட்சியாளர் தமக்கு எதிரான சான்றுகளை எரித்தும் இருக்கிறார்கள். காலனிகளை விட்டுப் போகும்போது சங்கடமான கோப்புகளை அழிக்கவும், சிலவற்றைக் கப்பலேற்றவும் லண்டன் ஆணையிட்டது. கென்யாவில் பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்த மாவ் மாவ் எழுச்சியின்போது சித்திரவதைப்பட்ட முதியவர்கள் வழக்குப் போட்டதால்தான், 37 காலனிகளைச் சேர்ந்த சுமார் 8,800 கோப்புகள் ஒளித்து வைக்கப்பட்டிருந்தது 2011-இல் வெளியே வந்தது. 2013-இல் பிரிட்டன் 5,228 பேருக்கு இழப்பீடு தர ஒப்புக்கொண்டது. அரை நூற்றாண்டு கழித்து, தள்ளாத வயதில், அந்தக் கிழவர்களும் கிழவிகளும் தம் வரலாற்றைத் தாமே திருத்தி எழுத வைத்தார்கள்.

மீட்டவர்கள்

விடுதலை பெற்ற ஆப்பிரிக்கா சும்மா இருக்கவில்லை. நைஜீரியாவின் கென்னத் டைக், ஆங்கிலேயர் கோப்போடு ஊர்ப் பெரியவர்கள் வாய்மொழியையும் சேர்த்து வைத்து நைஜர் கழிமுகத்தின் வணிக வரலாற்றை 1956-இல் வெளியிட்டார்; தம் நாட்டுக்குத் தேசிய ஆவணக் காப்பகத்தை உருவாக்கினார். வாய்மொழிக் கதையை வரலாற்றுச் சான்றாக எப்படிச் சோதித்துப் பயன்படுத்துவது என்று பெல்ஜிய வரலாற்றறிஞர் யான் வான்சினா 1961-இல் ஒரு முறையே வகுத்தார். யுனெஸ்கோ எட்டுத் தொகுதிகளில் ஆப்பிரிக்கப் பொது வரலாற்றை வெளியிட்டது. முதல் தொகுதியின் பதிப்பாசிரியர் புர்கினா பாசோவின் ஜோசப் கி-செர்போ. 2022-இல் ஜெர்மனி ஆயிரத்துக்கு மேற்பட்ட பெனின் பொருள்களின் உரிமையை நைஜீரியாவுக்கு எழுதிக் கொடுத்தது. அந்த டிசம்பரில் சுமார் இருபது பொருள்கள் அபுஜாவுக்குத் திரும்பின.

கொங்கு நாட்டிலும் மீட்டவர்கள் உண்டு. கோவைகிழார் இராமச்சந்திரன் செட்டியார், மயிலை சீனி. வேங்கடசாமி ஆகியோர் கொங்கு நாட்டு வரலாறு எழுதினார்கள். புலவர் செ. இராசு ஊர் ஊராகப் போய்ச் செப்பேடும் கல்வெட்டும் ஓலையும் படித்து வெளியிட்டார். கும்பினி ஏட்டில் கலகக்காரர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களின் போரை, 1800, 1801 ஆண்டுகளின் தென்னிந்தியக் கிளர்ச்சியாக கே. ராஜய்யன் 1971-இல் எழுதினார். 1805-இல் சங்ககிரியில் தூக்கிலிடப்பட்ட தீரன் சின்னமலையை நூறாண்டுக்கு மேல் காப்பாற்றி வைத்திருந்தது அரசு ஆவணமல்ல. நம் பாட்டன் பாட்டிகளின் வாய். காங்கேயம் பக்கம் ஓலப்பாளையத்தில் 1960-களில் தங்கியிருந்த பிரெண்டா பெக் என்ற கனடா நாட்டு ஆய்வாளர் கொங்கு நாட்டின் வாய்மொழிக் காவியமான அண்ணன்மார் கதையை உடுக்கடிப் பாடகரிடமிருந்து முழுமையாக ஒலிப்பதிவு செய்தார். கேட்கத் தெரிந்த வெளியாரும் உண்டு. கேட்கத் தெரியாத உள்ளூராரும் உண்டு.

எல்லாவற்றுக்கும் மேலாகக் கொடுமணல் இருக்கிறது. நம் நொய்யல் கரையில், சென்னிமலைப் பக்கம். பதிற்றுப்பத்து கொடுமணம் என்று சொல்லும் ஊர். 1980-களில் தமிழ்ப் பல்கலைக்கழகம் தொடங்கிய அகழாய்வும், பின்னர் தொல்லியலாளர் கா. ராஜன் நடத்திய அகழாய்வும் அங்கே இரும்பு உருக்கிய உலைகளையும், பச்சைக்கல்லும் சூதுபவளமும் பட்டை தீட்டிய பட்டறைகளையும் வெளிக்கொண்டு வந்தன. நூற்றுக்கணக்கான பானை ஓடுகளில் தமிழி எழுத்தில் ஆள் பெயர்கள் கீறப்பட்டிருந்தன. கிறிஸ்து பிறப்பதற்கு முன்பே, பட்டறை ஊரில், அன்றாடம் புழங்கும் பானையில் பெயர் எழுதும் அளவுக்கு எழுத்து பரவியிருந்தது. கையும் தலையும் ஒரே உடம்பில் இருந்தன என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

நம் பொறுப்பு

ஆனால் ஓர் எச்சரிக்கை. பொய் வரலாற்றுக்குப் பதில், நமக்குச் சாதகமான இன்னொரு பொய் அல்ல. இன்று கொங்கு நாட்டில் ஒவ்வொரு சாதிக்கும் ஒரு பெருமைக் கதை அச்சாகிறது. எங்கள் முன்னோர் ஆண்டார்கள் என்று எழுதுகிறவர்கள், யார் உழுதார்கள், யார் செருப்புத் தைத்தார்கள், யாரை ஊருக்கு வெளியே நிறுத்தினார்கள் என்று எழுதுவதில்லை. வெள்ளையர் நம்மைப் பார்த்த பார்வையால் நாம் நம் சேரிகளைப் பார்க்கிறோம். வட மாநிலத்திலிருந்து பிழைக்க வந்தவரைப் பார்க்கிறோம். காதர்பேட்டைக்கு வருகிற ஆப்பிரிக்கரைப் பார்க்கிறோம். இதை விட்டால்தான் நமக்கு அந்தப் பழைய புத்தகங்களைக் கண்டிக்கும் தகுதி வரும்.

அடுத்து, வேலை. அனுப்பர்பாளையத்தின் பாத்திரத் தொழிலுக்கு ஒரு முழு வரலாற்று நூலை இந்த ஊரே எழுத வேண்டும். தாமிரமும் பித்தளையும் கோலோச்சிய காலம், எவர்சில்வர் வந்து எல்லாவற்றையும் மாற்றிய காலம், கூலி உயர்வுக்காக நடந்த வேலைநிறுத்தங்கள், பேச்சுவார்த்தைகள், ஒப்பந்தங்கள் எல்லாம் இப்போது எழுபது, எண்பது வயதானவர்களின் நினைவில் இருக்கின்றன. மாணவர்களே, உங்கள் கையிலிருக்கிற செல்போன் போதும். தாத்தாவை உட்கார வைத்துக் கேளுங்கள். எந்த வயதில் பட்டறைக்குப் போனார், யாரிடம் தொழில் கற்றார், முதல் கூலி என்ன, எந்தப் பாத்திரத்தை அவரைப்போல் யாரும் செய்ய முடியாது என்று ஊர் சொன்னது? கேட்ட நாளையும் இடத்தையும் பதிவில் சொல்லுங்கள். ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொன்னதோடு ஒத்துப் பாருங்கள். பாட்டிகளையும் கேளுங்கள், பட்டறைக் குடும்பத்தை நடத்தியவர்கள் அவர்கள். தொழிற்சங்கங்களும் பட்டறை அதிபர்களும் பழைய ஒப்பந்தத் தாள்களையும் துண்டறிக்கைகளையும் கணக்கு நோட்டுகளையும் கரையானுக்குக் கொடுக்காமல் ஓரிடத்தில் சேர்த்து வையுங்கள்.

பட்டறைத் தோழர்களிடம் ஒரு தனி வேண்டுகோள். எடைக்கு வருகிற பழைய பித்தளைக் குடத்திலும் அண்டாவிலும் பெயர் வெட்டியிருக்கும். கல்யாணச் சீராகக் கொடுத்தவர் பெயர், ஊர், சில நேரம் தேதி, கோயிலுக்குக் கொடுத்தது என்றால் கோயிலின் பெயர். கொடுமணல் ஓட்டில் பெயர் கீறிய அதே வழக்கம் இரண்டாயிரம் ஆண்டு கடந்து நம் அடுக்களைவரை வந்திருக்கிறது. அவை ஆவணங்கள். உருக்குவதற்கு முன் ஒரு படம் எடுங்கள். எந்த ஊரிலிருந்து வந்தது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் உருக்குங்கள், தொழில் நடக்க வேண்டும்.

இனி நீங்கள் செய்கிற பொருளில், அடியில் ஓர் ஓரத்திலாவது, செய்தவர் பெயரும் ஆண்டும் இருக்கட்டும் என்று பட்டறைகளைக் கேட்டுக்கொள்கிறேன். இதைச் செய்தவர் யார் என்று நாளை ஒருவர் கேட்கும்போது, சிதியர் என்றோ பினீஷியர் என்றோ யாரும் பதில் சொல்ல இடம் வைக்காதீர்கள். இந்த வேலையை ஏதாவது ஒரு பல்கலைக்கழகம் வந்து நமக்காகச் செய்யட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே ஒரு நோட்டு வாங்கி, முதல் பக்கத்தில் இந்த ஊரின் மூத்த பாத்திரத் தொழிலாளி ஒருவர் பெயரை எழுதித் தொடங்குங்கள்.